தான்சானியப் பிள்ளைகளின் வேளாண் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எப்படித் துணை நிற்பது

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில். தான்சானியாவில் மொரோகோரோ அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது வருடம் உயிரியல் கற்பித்துவிட்டு ஊர் திரும்பினேன். இன்றும் ஜனவரி பிறந்தால் போன் வந்துவிடும். "முவாலிமு, இந்த வருடம் என் தங்கையும் விண்ணப்பிக்கிறாள்." முவாலிமு என்றால் ஸ்வாஹிலியில் ஆசிரியர். நம் குமரி மாவட்டத்திலிருந்து போய் ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றும் ஆசிரியர்களிடமும், அருட்சகோதரிகளிடமும், குருக்களிடமும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்படித்தான் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு எப்படி உதவுவது என்று என்னிடம் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அறிந்தது தான்சானியா. மற்ற நாடுகளில் அலுவலகங்களின் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

விண்ணப்பத்தைக் கையில் எடுப்பதற்கு ஒரு வருடம் முன்பே பிள்ளையின் சான்றிதழ்களை வாங்கிப் பாருங்கள். அங்கே ஒருவருக்கு மூன்று பெயர்: தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். ஞானஸ்நானச் சான்றிதழில் இரண்டு பெயர்தான் இருக்கும். நான்காம் படிவம், அதாவது மேல்நிலைப் பள்ளியின் நான்காம் வருடம், முடித்த சான்றிதழில் மூன்று இருக்கும், ஆனால் தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். நமக்கு இனிஷியல் படுத்தும் பாடு தெரியும் அல்லவா, அதே பாடுதான். என் மாணவி ஒருத்தி எல்லாப் பாடங்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும், பெயரில் 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' இருந்ததால் ஒரு வருடத்தை இழந்தாள். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. முன்கூட்டியே பார்க்காதது என் தவறு. அதற்குப் பிறகு சான்றிதழ்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஸ்கேலை வைத்து, பிள்ளையையே எழுத்தெழுத்தாக உரக்க வாசிக்கச் சொல்வேன். கண் தாண்டிவிடும் பிழை காதில் மாட்டிக்கொள்ளும்.

கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது. அதை வழங்கும் அரசு முகமையை அங்கே 'ரீட்டா' என்பார்கள். உயர்கல்விக் கடன் வாரியத்துக்கு விண்ணப்பிக்க, ரீட்டா சரிபார்த்த சான்றிதழ் வேண்டும். பிள்ளை ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

எந்தப் பாடங்களை எடுப்பது என்ற முடிவு அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. நான்காம் படிவம் முடிந்ததும் மூன்று பாடங்கள் கொண்ட ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விவசாயம் படிக்க நினைப்பவர்களுக்கு வேதியியல், உயிரியல், வேளாண்மை மூன்றும் சேர்ந்த தொகுதி பொருத்தம். வேளாண்மைக்கு ஆசிரியர் இல்லாத பள்ளி என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும்.

எங்கே விண்ணப்பிப்பது? முதலில் உள்ளூர். மொரோகோரோவிலேயே சோகோய்னே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1984இல் தொடங்கியது. அதற்குக் கடன் வாரியத்தின் உதவி கிடைக்கும். ஆனால் அது கடன், வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு ஸ்வாஹிலியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அடுத்தது மாஸ்டர்கார்டு அறக்கட்டளை 2012இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம். வசதியற்ற, திறமையுள்ள பிள்ளைகளுக்கானது. அறக்கட்டளைக்கு நேராக விண்ணப்பிக்க முடியாது, அதனுடன் இணைந்த பல்கலைக்கழகம் வழியாகத்தான் முடியும். கென்யாவின் எகர்ட்டன், உகாண்டாவின் குலு ஆகிய பல்கலைக்கழகங்களில் ரூஃபோரம் என்ற ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வழியாக இதே உதவியில் பிள்ளைகள் வேளாண்மை படித்திருக்கிறார்கள். கோஸ்டாரிகாவில் உள்ள எர்த் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களும் உண்டு. அங்கே பாடம் ஸ்பானிஷ் மொழியில் நடக்கும், வயலில் இறங்கி வேலை செய்வதும் படிப்பின் பகுதி. மண்வெட்டி பிடித்த பிள்ளைக்கு அது பாரமே இல்லை.

இந்தியாவுக்கு வர விரும்பினால் ஐ.சி.சி.ஆர். எனப்படும் இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். என் கருத்தைக் கேட்டால், இளங்கலையை அந்த மண்ணிலேயே படிக்கட்டும், முதுகலைக்கு இங்கே வரட்டும் என்பேன். சொந்த நிலத்தின் நோய்களையும் மழையையும் அறிந்தபின் வருகிற பிள்ளைக்கு இங்கே என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில், 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, தின்று வளர்ந்த ஒரு தான்சானியப் பெண் அங்கே நுழைவதை நான் பார்க்க வேண்டும்.

இனி, விண்ணப்பத்தோடு பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன அதே மாணவி, மறு வருடம் எழுதிவந்த முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "விவசாயம் நாட்டின் முதுகெலும்பு." அங்கும் இதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறார்கள். தாளை மூடி வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் கடைசியாக மரச்சீனி பிடுங்கிய நாளைச் சொல்" என்றேன். சொன்னாள். இலை பச்சையாக இருந்ததாம், தண்டிலும் குறை தெரியவில்லையாம். அம்மா பன்னிரண்டு கிழங்குகளைப் பிடுங்கி வெட்டியபோது, ஏழில் உள்ளே பழுப்புக் கட்டிகள், காய்ந்த தக்கையைப் போல. ஆடுகூடத் தின்னவில்லை. நட்ட மரச்சீனிக் கம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரியம்மா வீட்டிலிருந்து, இரண்டு ஊர் தள்ளி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளே கேட்டாள்: "நடுவதற்கு முன்னால் கம்பைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா, முவாலிமு?"

அந்தக் கேள்விதான் கட்டுரை. அது பழுப்புக் கீற்று நோய். 1930களிலேயே அந்த நாட்டில் பதிவானது. வெள்ளை ஈயாலும், நோயுள்ள கம்பை நடுவதாலும் பரவுகிறது. இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லவில்லை, நூலகத்தில் தேடச் சொன்னேன். நீங்களும் பிள்ளைக்காக எழுதிக்கொடுக்காதீர்கள். இலக்கணத்தைத் திருத்துங்கள், வாக்கியத்தைத் தொடாதீர்கள். நேர்காணலில் "அது என்ன ரகம்?" என்று கேட்டால் பதில் சொல்லப்போவது அவள்தான்.

பரிந்துரைக் கடிதம் உங்கள் பொறுப்பு. ஒழுக்கமானவள், உழைப்பாளி என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். பள்ளித் தோட்டத்தில் பழைய பால் டின்னை வைத்து மழையை அளந்து இரண்டு மாதம் குறித்து வைத்தாள் என்று நான் எழுதினேன்.

பணம் கேட்பவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். ஐ.சி.சி.ஆர். விண்ணப்பத்துக்கும் மாஸ்டர்கார்டு திட்டத்துக்கும் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டுக்கும், மருத்துவப் பரிசோதனைக்கும், தாருஸ்ஸலாம் போய்வர பஸ்ஸுக்கும் செலவாகும். அதை முன்பே கணக்குப் போட்டுப் பங்குக் கோயிலிலோ பள்ளியிலோ சொல்லி வையுங்கள்.

அம்மாக்களிடம் தனியாகப் பேச வேண்டும். "ஜெம்பே பிடிப்பதற்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்பார்கள். ஜெம்பே என்றால் மண்வெட்டி. நம் ஊரில் "நர்சிங் படிக்க வை" என்று சொல்வதும் இதே பயத்தில்தான். வேளாண் அலுவலரை அங்கே 'ப்வானா ஷாம்பா' என்பார்கள், வயலின் ஐயா. பெண்ணென்றால் 'பிபி ஷாம்பா'. உங்கள் மகள் பிபி ஷாம்பா ஆவாள் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

நேர்காணல் நேரத்தை எழுதி வாங்குங்கள். ஸ்வாஹிலியில் மணி சூரியோதயத்திலிருந்து எண்ணப்படும், நம் முன்னோர் நாழிகை எண்ணியதைப் போல. காலை பத்து மணி அவர்களுக்கு நான்காம் மணி. இணையதளம் சொல்வது இந்திய நேரமென்றால், அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். இந்திய நேரம், தான்சானிய நேரம், ஸ்வாஹிலி மணி மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலை போன் செய்து, அந்தத் தாளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.