வெண்ணெய் மாதிரி சுத்துதா? அப்போ வாங்காதீங்க!
முதல் நைட்ரோ டிரக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கோலாலம்பூர் செந்தூல் பக்கத்துத் திடலில் என் நைட்ரோ டிரக்கை, அதாவது குட்டி என்ஜின் வைத்து ரிமோட்டில் ஓட்டும் மாதிரி வண்டியை, ஓட்டி முடித்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி வந்து கைப்பேசியை நீட்டினார். வீடியோவில் ஒரு பழைய நைட்ரோ டிரக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. யாருடைய கட்டைவிரலோ என்ஜின் அச்சில் இருக்கும் ஃபிளைவீல் சக்கரத்தைத் தள்ளிவிட, அது எங்கேயும் தடுக்காமல் மூன்று சுற்றுச் சுற்றி நிற்கிறது.

"எவ்ளோ ஸ்மூத் பாருங்கண்ணே. 600 வெள்ளி சொல்றாரு. வாங்கிடலாமா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே 'ஸ்மூத்'தைப் பார்த்து மயங்கித்தான் நானும் 650 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். தம்பிக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பேட்டரியைச் சார்ஜ் பண்ணு, நட்டுகளை முறுக்கிவிடு என்கிற மாதிரி விஷயங்களைப் பெட்டிக்குள் வரும் காகிதத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

லேசாகச் சுற்றினால் நல்ல என்ஜின் என்று நம்புவது

அன்றைக்கு நான் பார்த்தது இரண்டு டிரக்குகள். ஜாலான் ஈப்போவில் முப்பது வருடமாகக் கப்சாய் மோட்டார்சைக்கிள் பழுது பார்க்கும் மாமாவைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தேன். கைதேர்ந்தவர், சத்தத்தை வைத்தே வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். இப்படி ஒருவர் கூட வரும்போது நான் ஏன் பயப்பட வேண்டும்?

முதல் டிரக் கெப்போங்கில். படிக்க வெளிநாடு போய்விட்ட மகனுடையது என்று அப்பா விற்றார். இரண்டு டேங்கி எண்ணெய்கூட (நைட்ரோ எரிபொருளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஓடியிருக்காது, டயரில் முள் அப்படியே இருந்தது. மாமா ஃபிளைவீலைத் திருப்பினார். பாதிச் சுற்று போய் ஓரிடத்தில் கடுக்கென்று நின்றது. அழுத்தித் தள்ளினால் 'டக்'கென்று தாண்டி, அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி நின்றது. மாமா என் காதருகே வந்து, "ஜாம் ஆயிருச்சுடா, வேணாம்" என்றார்.

இரண்டாவது செராஸில். சட்டமெல்லாம் கீறல், ஆனால் ஃபிளைவீல் சுண்டிவிட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது. "வெண்ணெய் மாதிரி போகுது பாரு" என்றார் மாமா. விற்றவரும் கயிற்றை இரண்டு இழு இழுத்தார், ஸ்டார்ட் ஆகிவிட்டது. நீலப் புகை, ஆமணக்கெண்ணெய் வாசனை, காதைக் கிழிக்கும் சத்தம். பணம் கைமாறியது.

மாமாவின் கணக்கில் தப்பில்லை, அது வேறு என்ஜினுக்கான கணக்கு. மோட்டார்சைக்கிள் பிஸ்டனைச் சுற்றி ரிங் இருக்கும், சுவரோடு ஒட்டிக் காற்றை அடைப்பது அந்த ரிங்தான். நம் டிரக்கில் இருக்கும் 2.5 அல்லது 3.5 சிசி என்ஜினில் பெரும்பாலும் ரிங்கே கிடையாது. அலுமினியப் பிஸ்டன், அது ஏறி இறங்கும் குழாயாகக் குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ், அவ்வளவுதான். அந்த ஸ்லீவும் நேர்குழாய் இல்லை, மேலே போகப் போகக் கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகும். அதனால் என்ஜின் ஆறியிருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்தால் இறுக்கிப் பிடிக்கும். ஓடிச் சூடானதும் மேல்பகுதி விரிந்து பிஸ்டனுக்கு அளவாக வழிவிடும். ஆறின நிலையில் உள்ள இந்தப் பிடிதான் என்ஜினுக்கு உயிர். கெப்போங்கில் மாமா 'ஜாம்' என்றது இதைத்தான்.

பிடி தேய்ந்துபோன என்ஜின் எப்படி நடந்துகொள்ளும்? ஆறியிருக்கும்போது சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும், அதுவும் குளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) துளை வழியாக இரண்டு சொட்டு மசகெண்ணெய் விட்டிருந்தால் இன்னும் சமர்த்து. மசகெண்ணெய் இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும், விற்கிறவர்களுக்கு இது தெரியும். ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஸ்லீவ் விரியும். ஏற்கெனவே தளர்ந்த இடம் இன்னும் தளரும், கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் சக்தி, போய்விடும், வண்டி நின்றுவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் ஸ்டார்ட் ஆகாது, ஆறினால்தான் ஆகும்.

எனக்கு அச்சுப் பிசகாமல் அதுதான் நடந்தது. திடலில் ஐந்து நிமிடம் பறந்தது, நின்றது. விரலில் கொப்புளம் வரும்வரை இழுத்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து இழுத்தால், ஒரே இழுப்பில் எழுந்தது! ஐந்து நிமிடம் கழித்து மறுபடி நின்றது. மூன்று வாரம் இதே கூத்து. ஐந்து குளோ பிளக் மாற்றினேன். எண்ணெயை மாற்றினேன். எண்ணெய் போகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசியை அப்படித் திருகி இப்படித் திருகி, அது முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. கடைசியில் ஹாபி கடையில் இருந்த சீனப் பெரியவர் வண்டியை வாங்கி, கண்ணால்கூடப் பார்க்காமல் ஃபிளைவீலை ஒரு சுற்றுச் சுற்றினார். "கம்ப்ரஷன் தாக் அடா லா" (கம்ப்ரஷனே இல்லை) என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராட், பேரிங் எல்லாம் சேர்த்து 420 வெள்ளி. அதோடு வண்டி 1070 வெள்ளி ஆயிற்று. கெப்போங் டிரக்கை அந்த அப்பா 700க்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். இதை எழுதும்போதுகூட எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் பழைய வண்டி பார்க்கப் போனால், போனதும் என்ஜின் தலையைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால், நான் வருவதற்குள் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறட்டும் என்று உட்கார்ந்துவிடுவேன். ஆறிய பிறகு ஃபிளைவீலை விரலால் மெதுவாகத் திருப்பினால் உச்சியில் ஒரு தடுப்பு தெரிய வேண்டும். நன்றாகப் பழகிய என்ஜினில் அது புதிது மாதிரி முரட்டுத்தனமாக இருக்காது, ஆனால் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பிடி உச்சியில் மட்டும் இருந்தால் நல்லது. சுற்று முழுக்க மணல் அரைக்கிற மாதிரி நறநறத்தால் அது துரு, ஓடி வந்துவிடுங்கள். அடுத்து ஃபிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் போச்சு. சைலன்சரைக் கழற்ற விட்டால் அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் பக்கவாட்டைப் பாருங்கள். நெடுக்காகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் மண் தின்ற என்ஜின்.

இவ்வளவும் தேறினால் ஒரு டேங்கி முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். நன்றாகச் சூடானதும், தலையில் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வந்ததும், நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஈரத்துணி போட்டுக் குளிர்விக்க விடாதீர்கள். சூட்டோடு எழுந்தால் பேரம் பேசலாம்.

புது வண்டியின் இறுக்கத்தோடு மல்லுக்கட்டுவது

மேலே சொன்னதன் மறுபக்கம். புதுப் பெட்டியைப் பிரித்த ஆர்வத்தில் கயிற்றை வலுக்கட்டாயமாக இழுத்து அறுத்துக்கொள்கிறார்கள். தங்கச்சியின் ஹேர் டிரையரை இரவல் வாங்கி என்ஜின் தலையைச் சூடுபண்ணுங்கள். குளோ பிளக்கைக் கால் திருகு தளர்த்தி ஃபிளைவீலைத் திருப்பி, பிறகு இறுக்கிவிட்டு இழுங்கள். ஓட்டி முடித்ததும் பிஸ்டன் அடியில் நிற்கும்படி திருப்பி வையுங்கள், உச்சியில் விட்டால் ஆறும்போது கவ்விக்கொள்ளும். ஃபிளைவீலில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் பார்த்ததும் தெரியும்.

முதல் நாலைந்து டேங்கிக்கு எண்ணெய் தாராளமாகப் போகும்படி வைத்து, புகை விட்டுக்கொண்டு, சோம்பலாகத்தான் ஓட வேண்டும். பக்கத்தில் எலக்ட்ரிக் டிரக் வைத்திருப்பவர் கேலி பண்ணுவார். ஊசியை இறுக்கினால் வேகம் வரும், உண்மைதான். எண்ணெய் குறைந்தால் எரிபொருளோடு உயவும் சேர்ந்தே குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்த என்ஜினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது, மசகெண்ணெய் எரிபொருளிலேயே கலந்து வருகிறது. புகை நின்றுபோன நைட்ரோ வண்டியைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

ரோன் 95 ஊற்றுவது

வேண்டாம். பெட்ரோல் வேறு, நைட்ரோ வேறு.

வண்டி விலையை மட்டும் கணக்குப் போடுவது

'ரெடி டு ரன்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எண்ணெய் உள்ளே வராது. எண்ணெய்ப் புட்டி, குளோ பிளக்கைச் சூடாக்கும் இக்னைட்டர், கூடுதல் பிளக்குகள், ஃபில்டர் எண்ணெய், சூடு பார்க்கும் கருவி என்று பட்டியல் நீளும். எண்ணெய்ச் செலவையும் பாருங்கள்: 125 சிசி டேங்கி என்றால் ஒரு லிட்டரில் எட்டே தடவைதான் நிரப்பலாம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போனால் அதிகம்.

பிளக் வாங்கும்போது உங்கள் என்ஜினுக்கு டர்போவா சாதாரணமா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

பேர் தெரியாத வண்டி

1999இல் வந்த டிராக்ஸஸ் டி-மேக்ஸ் மாதிரி பலர் கையில் புழங்கிய வண்டி என்றால் தேடினால் பாகம் கிடைக்கும். என்ன வண்டி என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால், ஒரு கியர் உடைந்ததும் அது அலமாரிப் பொம்மை.

எண்ணெயைத் தண்ணீர் மாதிரி கையாள்வது

பாதிக்கு மேல் மெத்தனால். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கள்ளச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்களே, அந்தச் சாராயத்தில் இருந்த விஷம் இதுதான். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, என்ஜின் சூட்டோடு எண்ணெய் ஊற்றும்போது சிந்தாதீர்கள்.

நம்மூர் ஈரக்காற்று வேறு. மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மூடியைத் திறந்தபடி வைத்த எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும், என்ஜினுக்குள் மிச்சம் விட்ட எண்ணெய் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கியைக் காலிசெய்து, இருப்பதை எரித்துத் தீர்த்து, ஆஃப்டர்-ரன் எண்ணெய் சில சொட்டு விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். செராஸ் வண்டியின் பேரிங் இப்படித்தான் போயிருந்தது.

ரிசீவர் பேட்டரி

எலக்ட்ரிக் டிரக்கில் பேட்டரி தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். நைட்ரோவில் ரிசீவர் பேட்டரி (ரிமோட் சிக்னலை வாங்கும் கருவிக்கான பேட்டரி) தீர்ந்தால் என்ஜின் நிற்காது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் எங்கே இருந்ததோ அங்கேயே ஓடும். என் நண்பருடையது முழு வேகத்தில் திடலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, லோங்காங்குக்குள் (சாக்கடைக்குள்) போய்த்தான் அடங்கியது. நடுவில் மோட்டார்சைக்கிள் ஒன்றும் வராதது அவருடைய அதிர்ஷ்டம். திராட்டிலைத் தானே மூடும் ஸ்பிரிங் ஒன்று, சில வெள்ளிதான், வண்டி வாங்கிய அன்றைக்கே மாட்டுங்கள். சிக்னல் போனால் திராட்டிலை மூடும் ஃபெயில்சேஃப் இருக்கிறது என்று ஸ்பிரிங்கை விட்டுவிடாதீர்கள், பேட்டரியே போன பிறகு அதை இயக்க எதுவும் இல்லை.

ஃபிளாட் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுவது

முதல் நாளே புகார் வரும்.

தம்பி நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தார். ஒரு டேங்கி ஓட்டிக் காட்டச் சொன்னாராம். "எண்ணெய் வேஸ்ட்டாகும் பாஸ், அதான் வீடியோ இருக்கே" என்று விற்பவர் சொல்லிவிட்டாராம். என் புட்டியில் அரை லிட்டர் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று பதில் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றிருக்கிறார்.