கோச்சிங் சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடம்

ஊழியரும் அவருக்கு வழிகாட்டும் கோச்சும் சந்தித்துப் பேசும் கோச்சிங் திட்டத்தைத் தொடங்கும்போது, ஒவ்வொரு சந்திப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை இரண்டு வேலைகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பின் தேதியை இருவரும் இருக்கையை விட்டு எழும் முன்பே காலண்டரில் குறித்துவிட வேண்டும். அதற்குள் என்ன செய்யப்போகிறார் என்பதை ஊழியரே இரண்டு வரியில் எழுத வேண்டும். கோச் எழுதக் கூடாது.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற ஒத்திவைப்பில்தான் கரைந்துபோகின்றன. தேதி முன்பே குறித்திருந்தால் மனிதவளத் துறை ஒவ்வொருவருக்கும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சந்திப்பு நடந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த இரண்டு வரியைத் துறை கேட்டு வாங்கவே கூடாது. மேலிடத்துக்குப் போகும் என்று தெரிந்தால் யார்தான் உண்மையான சிக்கலை எழுதுவார்கள்? (இதே காரணத்துக்காக, நேரடி மேலதிகாரியைக் கோச்சாகப் போடாமல் வேறு பிரிவிலிருந்து ஒருவரைப் போடுவது நல்லது.)

வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிற்சாலைகளில் இது அப்படியே பலிக்காது. ஷிப்ட் அட்டவணை வெளியாகும் நாளில் தேதி குறியுங்கள். வேலைத்திறன் குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் பெற்றவருக்கும் இது பொருந்தாது. அங்கே முறையான பதிவேடு தேவை.