உள்ளாட்சியில் உழைத்த பெண்மணிக்கு நினைவு மலர் தயாரிப்பது எப்படி?

வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், கட்சியின் மகளிரணிப் பொறுப்பாளர் என்று பல ஆண்டு உழைத்த ஒருவர் மறைந்ததும், பதினாறாம் நாள் படத்திறப்புக்கே மலர் வந்துவிட வேண்டும் என்று குடும்பத்தார் அவசரப்படுவார்கள். அன்றைக்கு ஒரு ஏ4 தாளை மடித்து நான்கு பக்க வாழ்க்கைக் குறிப்பு கொடுத்தால் போதும். மலரை முதலாமாண்டு நினைவு நாளுக்கு வைத்துக்கொண்டு, நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். அவசர மலரில் 'தியாகச் சுடர்', 'அன்பின் சிகரம்' எல்லாம் இருக்கும். எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு குடிநீர்க் குழாய் வந்தது என்பது மட்டும் இருக்காது.

முதல் வேலை, ஒரு நீளமான நோட்டில் ஆண்டுவாரியாகக் கோடு போட்டு, பதவி, போராட்டம், தோல்வி எல்லாவற்றையும் எழுதுவது. தோற்ற தேர்தலை விட்டுவிடாதீர்கள். தோற்ற பிறகும் மனுவோடு அலைந்தார் என்றால் அதுதான் அவர் வாழ்க்கை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரம் என்ன என்று எழுதுங்கள். ஆதாரம் இல்லாத வரிக்குச் சிவப்பு மை.

இனி, பெரும்பாலான மலர்கள் வழுக்கி விழும் இடம்: தேர்தல் விவரம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. ஆகவே 'இன்ன கட்சி சார்பில் ஊராட்சித் தலைவராக வென்றார்' என்று அச்சிட்டால் பிழை. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர்களுக்குக் கட்சிச் சின்னம் உண்டு. நகராட்சித் தலைவர், மேயர் பதவிகளுக்கு 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006, 2022இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 'மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சித் தலைவர்' என்று எழுதும் முன் ஆண்டைப் பாருங்கள். 1986க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996இல்தான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீட்டோடு நடந்தது அது. அந்த ஒதுக்கீட்டை ஐம்பது விழுக்காடாக உயர்த்திய சட்டம் 2016இல் வந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின், ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் தேர்தல் வரை தனி அலுவலர் (தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த அதிகாரி) ஆட்சி. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை அது நீடித்தது. '2018இல் தலைவராக இருந்தபோது' என்று யாராவது சொன்னால், அவர் ஆண்டைக் குழப்பிக்கொள்கிறார். தமிழ்நாடு சட்ட மேலவை உறுப்பினர் என்ற பேச்சு வந்தால், அந்த மேலவை 1986இல் கலைக்கப்பட்டதை நினைவில் வையுங்கள்.

சாதனைகளின் தேதியிலும் இதே கவனம் வேண்டும். தீர்மானம் போட்ட நாள், நிதி ஒதுக்கிய நாள், திறப்பு விழா நாள் மூன்றும் வேறு வேறு. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1927. சட்டம் வந்தது 1947. ஒரு ஆண்டை மட்டும் போட்டால் இடையில் இருபது ஆண்டு உழைப்பு காணாமல் போய்விடும். ஊர் அளவிலும் அப்படித்தான்: பாலம் இன்னொருவர் காலத்தில் திறக்கப்பட்டிருக்கும், தீர்மானம் இவர் கொண்டுவந்ததாக இருக்கும்.

அதை உறுதிசெய்ய ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கூட்டத் தலைவர் கையொப்பம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் எல்லாம் அதில் கிடைக்கும். பார்க்க விடவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நகல் ஏ4 பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 'அவர் செய்த பணிகள் என்ன?' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று வரும். '2001 நவம்பர் முதல் 2006 செப்டம்பர் வரையிலான தீர்மானப் புத்தகத்தின் நகல்' என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கல்வெட்டுகளையும் சுற்றிப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, நூலகக் கட்டடம் ஒவ்வொன்றிலும் 'தலைமை', 'முன்னிலை' என்று பெயர்கள் வெட்டியிருக்கும். மேலே வெள்ளையடித்து எழுத்து தெரியாமல் போயிருந்தால், இருட்டியதும் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு கல்லாகப் படுக்கவைத்து அடியுங்கள். நேராக அடிக்கும்போது தெரியாத எழுத்து நிழலோடு எழுந்து வரும். அப்படியே படம் எடுத்துவிடுங்கள். சில கல்வெட்டுகளில் தலைவர் பெயருக்கு மேலே கணவர் பெயர் பெரிதாக இருக்கும். அதை மறைக்க வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம். மலரில் யார் கையெழுத்துப் போட்டார், யார் கூட்டம் நடத்தினார் என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

நேர்காணலில் "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்காதீர்கள். "ரொம்ப நல்லவங்க" என்பதற்கு மேல் எதுவும் வராது. "கடைசியா எதுக்காக அவங்களைப் போய்ப் பார்த்தீங்க? யாருக்கு போன் பண்ணாங்க? வேலை முடிய எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரையும், அவர் காலத்து ஊராட்சிச் செயலரையும், தண்ணீர்த் தொட்டி இயக்குபவரையும் கட்டாயம் பாருங்கள். குடும்பத் தகராறு, வன்முறை என்று அவரிடம் வந்த பெண்களின் பெயர் எங்கும் வரக்கூடாது. மனுக்களைப் படமாகப் போட்டால் ஆதார் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

தலைவர்களின் இரங்கல் செய்தி மொத்தமாக நான்கு பக்கத்தைத் தாண்டக் கூடாது. யார் பெயர் முன்னால், யார் படம் பெரிது என்ற சண்டையில் அச்சே நின்றுபோகும். எல்லாரையும் அகர வரிசையில், ஒரே அளவு படத்தோடு போட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அச்சில் ஆறு அங்குல அகலம் வேண்டுமானால் 1800 பிக்சல் தேவை. பாஸ்போர்ட் அளவுப் படம்தான் இருக்கிறது என்றால் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். செய்தித்தாள் நறுக்குகளுக்கு ஸ்கேனரில் 'டிஸ்கிரீன்' (அச்சுப் புள்ளிகளை நீக்கும் வசதி) போடாவிட்டால் முகத்தில் அலை அலையாகக் கோடு விழும்.

டெம்மி என்ற புத்தக அளவில் 48 பக்கம் நல்ல கணக்கு. நடுவில் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ என்ற வெள்ளைத் தாள், அட்டை 250 ஜிஎஸ்எம். யூனிகோடில் தட்டச்சு செய்த கட்டுரையை அச்சகத்தில் வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள்; அப்போது ஸ்ரீ, ஷ, மேற்கோள் குறிகள் சிதறும். அதனால் எழுத்துரு மாற்றிய பிறகும் மெய்ப்பை (பிழை பார்க்கத் தரும் புரூஃப்) ஒருமுறை பாருங்கள். பெயர்கள், தேதிகளை மட்டும் தனியாக, ஒருவர் நோட்டிலிருந்து உரக்கப் படிக்க இன்னொருவர் மெய்ப்பில் சரிபார்க்க வேண்டும். இதை மட்டும் கணினியை நம்பி விடாதீர்கள்.

அச்சானதும் விழாவில் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடாமல், பதினைந்து படி எடுத்து வையுங்கள்: ஊராட்சி அலுவலகம், ஊர்ப்புற நூலகம், அவர் படித்த பள்ளி, நேர்காணல் கொடுத்தவர்கள். பொது நூலகங்களுக்கு நூல் வழங்குவது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிட்ட முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குத் தலா ஒரு படி அனுப்ப வேண்டும். வாங்கிய மூலப் படங்களின் பின்புறம் பென்சிலால் (பேனா மை ஊறும்) பெயர், ஆண்டு எழுதி உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.