கஸ்டடி வழக்குக்கு டிடெக்டிவ் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

டிடெக்டிவ் ஏஜென்சிக்குப் போனதும் பலரும் முதலில் கேட்பது, "அவங்களுக்கு வேற யாரோடயாவது தொடர்பு இருக்கா, போட்டோ கிடைக்குமா?" என்பதுதான். கோபம் புரிகிறது. ஆனால் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் இந்தப் போட்டோ பெரிதாக உதவாது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 13ஆவது பிரிவு குழந்தையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. தகாத உறவு விவாகரத்துக்குக் காரணமாகலாம், குழந்தையைத் தர மறுக்க அது காரணமாகாது என்று பாம்பே உயர் நீதிமன்றமும் 2024இல் சொல்லிவிட்டது.

அதனால் கேள்வியைக் குழந்தை பக்கம் திருப்புங்கள். பள்ளி விட்டதும் யார் கூட்டி வருகிறார்கள், ராத்திரி யார் பொறுப்பில் இருக்கிறது, விசிட்டேஷன் நாளில் (குழந்தையை மற்ற பெற்றோரிடம் அனுப்ப வேண்டிய நாளில்) "காய்ச்சல், அனுப்ப முடியாது" என்று மெசேஜ் போட்டுவிட்டு அதே சாயங்காலம் மாலில் சுற்றுகிறார்களா, இப்படி. "பொறுப்பில்லாத தந்தை" என்று ரிப்போர்ட்டில் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. "சனிக்கிழமை இரவு 9.20க்கு பாரிலிருந்து வெளியே வந்தார், 9.45க்குக் குழந்தையை பைக் முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினார், இருவருக்கும் ஹெல்மெட் இல்லை" என்ற ஒரு வரி, தேதி நேரத்தோடு வீடியோவும் இருந்தால், நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்தது, பெரிய தவறு: கால் டீடெய்ல்ஸ், வாட்ஸ்அப் சாட், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் "எடுத்துத் தரேன் சார்" என்பவரை நம்புவது. கால் விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாக 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ் தனியார் துப்பறிவாளர்களையே கைது செய்தது. மனைவியின் கால் விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் தாக்கல் செய்ததை, அந்தரங்க உரிமையைக் காரணம் காட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. பிறகு 2025 ஜூலையில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏஜென்சிக்காரர் இதைக் காட்டி "இப்ப எல்லாமே செல்லும்" என்பார். அந்த வழக்கில் கணவர் பதிவு செய்தது மனைவியோடு தானே பேசிய பேச்சை. அடுத்தவர் போனில் ஸ்பைவேர் (ரகசியமாக வேவு பார்க்கும் மென்பொருள்) போடுவது வேறு சங்கதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வழக்கு வரும். அதுவும் ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஆண் கண்காணித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 78ஆவது பிரிவும் சேரலாம். கஸ்டடி கேட்டுப் போனவர் ஜாமீன் கேட்டு நிற்க வேண்டிவரும்.

இந்தியாவில் துப்பறிவாளருக்கென்று தனி லைசென்ஸ் சட்டம் கிடையாது. 2007இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் உங்கள் வக்கீலிடம் பேசிவிட்டு, அப்புறம் ஏஜென்சியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பின்தொடர்ந்த ஆளே கோர்ட்டுக்கு வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்பாரா? வீடியோவுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவுச் சான்றிதழ் கிடைக்குமா? அதில் ஹேஷ் மதிப்பு (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான குறியீடு) குறிப்பிட வேண்டும், நிபுணர் கையெழுத்தும் வேண்டும். ஒரிஜினல் ஃபைலை அழித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பியை மட்டும் வைத்திருந்தால் சிக்கல்தான். இதற்கு மழுப்புகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் ரொக்கம் கேட்டாலும் அப்படியே.

குழந்தையை இதற்குள் இழுக்கவே கூடாது. பையில் ரெக்கார்டர் வைத்து அனுப்புவது, "அம்மா வீட்டுக்கு யார் வந்தாங்க, சொல்லு" என்று கேட்பது, பள்ளி வாசலில் சொந்தக்காரர் மாதிரி ஆள் நிறுத்துவது, எதுவும் வேண்டாம். நீதிபதி குழந்தையைத் தனியறையில் கூப்பிட்டுப் பேசுவது உண்டு. "அப்பாதான் கேக்கச் சொன்னாரு" என்று அது வெள்ளந்தியாகச் சொன்னால் போயிற்று.

ரிப்போர்ட் வக்கீல் கைக்கு மட்டும் போகட்டும். ஆத்திரத்தில் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டால், யாரோ ஒரு சித்தப்பா ஃபார்வர்ட் செய்வார், அடுத்த வாய்தாவில் அது எதிர்த்தரப்பு மனுவோடு இணைப்பாக வந்து நிற்கும்.