பழைய காட்டுத்தீ ஓவியத்தைச் சோதிப்பது எப்படி?

காட்டுத்தீயை வரைந்த பழைய எண்ணெய் வண்ண ஓவியம் கைக்கு வந்தால், ஈரத்துணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். புகையின் பழுப்பு ஓவியர் தீட்டியதாக இருக்கலாம், மஞ்சளித்துப் போன வார்னிஷாகவும் இருக்கலாம். சட்டம் மறைத்திருந்த ஓரம் பளிச்சென்று இருந்தால் வார்னிஷ்தான் என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். சுவாலைகளில் வெள்ளையும் மஞ்சளும் பெரும்பாலும் தடிமனாக அப்பியிருக்கும், அந்த மேடுகளுக்கு நிழல் விழும். மேற்பரப்பு முழுக்க மொழுமொழுவென்று இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சுப் பிரதி. புற ஊதா விளக்கில் பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்பாடு தொட்டு வரைந்த இடங்கள் கருந்திட்டாகத் தெரியும்.

நெருப்பை விட முன்புறத்து இருட்டை நிதானமாகப் பாருங்கள். 1851 பிப்ரவரி 6 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் எரிந்த தீயை வில்லியம் ஸ்ட்ரட் 1864இல் வரைந்து முடித்தார். மூன்று மீட்டருக்கும் அகலமான அந்தக் கித்தானில் கண்ணை இழுப்பவை உயிருக்கு ஓடும் மனிதர்களும் விலங்குகளும்தான். இப்படிப்பட்ட ஓவியங்களில் மெல்லிய கரும்பூச்சுதான் முதலில் தேயும், யாரோ அழுத்தித் துடைத்திருந்தால் அங்கே துணியின் நெசவே எட்டிப் பார்க்கும். சுத்தம் செய்வதை ஓவியப் பராமரிப்பு நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.