தேடினால் அகப்படாத ‘கொடி’

என் தளத்துக்கு நானே எழுதிய தேடுபெட்டியில் ‘கொடி’ என்று அடித்தால் இரண்டு பதிவுகள்தான் வந்தன. எனக்குத் தெரிந்தே ஐந்து இருக்கின்றன. ‘செடி’ மட்டும் ஒழுங்காக வந்தது! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சொல்லின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தேன். ஒரு பதிவில் 4, இன்னொன்றில் 5.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு வேறு. ‘கோ’வுக்கும் இதே கதை.

பைத்தான் என்றால் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி வடிவம் கொடுத்து அழையுங்கள்; பிரிந்து கிடக்கும் குறிகளை அது ஒரே குறியீடாகச் சேர்த்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சும்மா நார்மலைஸ் என்றாலே அந்த வடிவம்தான். பதிவைச் சேமிக்கும்போது ஒருமுறை, தேடும் சொல்லுக்கு ஒருமுறை. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வுமாக அடித்து வைத்திருந்தால் இது உதவாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும். நான் அவசரப்பட்டு ‘ஒள’ வந்த இடத்திலெல்லாம் மொத்தமாக ‘ஔ’ என்று மாற்றப்போய், ‘ஒளி’ எல்லாம் கெட்டுப்போனது.