கடற்காற்று முகப்பில் உருவாகும் கடும் இடிமழையை முன்கணிப்பது எப்படி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் பெய்யும் மழையில் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும் வரும் இடிமழையே. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வறண்டு இறங்கும் மேற்குக் காற்றும், வங்கக் கடலிலிருந்து நுழையும் ஈரமான கடற்காற்றும் எதிர்ப்படும் கோடு, அதாவது கடற்காற்று முகப்பு, அதன் முக்கியமான பிறப்பிடங்களில் ஒன்று. குளிர்நாடுகளில் குளிர்ந்த காற்றுத்திரளும் வெப்பக் காற்றுத்திரளும் சந்திக்கும் வளிமுகங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்தைக்கூட எட்டாது. ஆனாலும் கனமான குளிர்ந்த காற்று வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

கணிப்பைக் காலையிலேயே தொடங்க வேண்டும். மீனம்பாக்கத்தில் அதிகாலை 5.30 மணியளவுக்குரிய வளிமண்டலப் பலூன் பதிவில் முதலில் பார்க்க வேண்டியது, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேற்குக் காற்றின் வலிமை. அது மிகப் பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்படும். வெயில் கொளுத்தும், முகப்பு உருவாகாது. அது மிகவும் தளர்ந்திருந்தால் கடற்காற்று முற்பகலிலேயே உள்ளே நுழைந்துவிடுவதால் மேகங்கள் நகரத்திலிருந்து வெகுதொலைவில் திரளும். இடைப்பட்ட வலிமையே நமக்கு வேண்டியது. அடுத்து, மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசுகிறதா என்று பாருங்கள். ஏனெனில் ஜவ்வாது மலையிலும் சித்தூர்ப் பக்கத்திலும் எழும் மேகங்களைக் கடற்கரை நோக்கித் தள்ளிவருவது அந்தக் காற்றுதான். ‘கேப்’ எனப்படும் மேலெழும் ஆற்றலின் அளவைக் காலைப் பதிவில் உள்ளபடியே எடுத்துக்கொள்வது பலர் செய்யும் பிழை. பிற்பகல் வெப்பத்தையும் ஈரத்தையும் அதில் பொருத்திப் பார்த்த பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

நண்பகலுக்குப் பின் கவனிக்க வேண்டியது காற்றின் திசை. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அரைமணி நேர வானிலைக் குறிப்பில் மேற்குக் காற்று தென்கிழக்காக மாறி, வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உயர்ந்தால் முகப்பு அந்த இடத்தைக் கடந்துவிட்டது என்று அறியலாம். கரைக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தில் அதே மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதோடு ஒப்பிட்டால் முகப்பு நகரும் வேகமும் தோராயமாகக் கிடைத்துவிடும். என் கருத்தில், எந்தக் கணினி மாதிரியையும்விட இந்த ஒரு நேரக் கணக்கு நம்பகமானது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் கணக்கிடும் உலகளாவிய மாதிரிகள் இவ்வளவு சிறிய முகப்பைச் சரியாகப் பிடிப்பதில்லை.

மழை கடுமையாக இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை உள்நாட்டின் வறட்சியில் இருக்கிறது. வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தெரியும். வேலூரில் 38 டிகிரி வெப்பமும் 22 டிகிரி பனிநிலையும் இருந்தால் அது 2,000 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து வறண்ட காற்றின் வழியே விழும் மழைத்துளிகள் ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரவைத்து, அதைக் கனமாக்கித் தரையை நோக்கிப் பாயச் செய்கின்றன. மரங்களைச் சாய்க்கும் சூறைக்காற்று இப்படித்தான் பிறக்கிறது. ஆகவே இத்தகைய நாள்களில் மழையின் அளவை எழுதுவதற்கு முன்பே காற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும்.

மாலையில் ரேடார் படம் முதன்மை பெறுகிறது. கடற்காற்று முகப்பு அதில் கரைக்கு இணையான மெல்லிய, மங்கலான கோடாகத் தெரியும். மேற்கே பெய்யும் மழையிலிருந்து வெளியேறும் குளிர்காற்று இன்னொரு வளைந்த கோடாகக் கிழக்கு நோக்கி வரும். இவ்விரு கோடுகளும் சந்திக்கவுள்ள இடத்தைக் குறித்து வையுங்கள். புதிய மேகம் இருபது முப்பது நிமிடங்களுக்குள் அங்கேயே வெடித்தெழக்கூடும். வளைந்த கோடு தன் மழையைவிட்டு வெகுதூரம் முன்னேறிவிட்டால் அந்த மேகம் ஓய்கிறது என்று பொருள். மழையை ஒட்டியே நகர்ந்தால் அது இன்னும் வலுவுடன் இருக்கிறது.

கரையை ஒட்டிய பகுதிகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். பிற்பகல் முழுவதும் கடற்காற்றால் குளிர்ந்த தரைக்கு மேல் வந்ததும் பல மேகங்கள் வலுவிழக்கின்றன. எனவே பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் உறுதியாக எழுதக்கூடிய நாளிலும், திருவான்மியூருக்கும் மெரினாவுக்கும், நகரின் மேற்கு விளிம்பில் புதிய மேகங்கள் முளைப்பதை ரேடாரில் கண்ட பிறகே எழுதுங்கள்.